இரண்டரைப் பவுனும் சிவப்பு வழியும்

கேள்வி: என் கணவர் குவைத்தில் கட்டட வேலை பார்க்கிறார். நான்கு வருடம் முடிந்து, அடுத்த மாதம் ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். திருச்சியில் இறங்குவார். பெண்ணின் காதணி விழாவுக்காக மூன்று பவுனில் ஒரு சங்கிலி வாங்கி வைத்திருக்கிறார். ஒரு பெரிய டிவியும் கொண்டுவர ஆசைப்படுகிறார். கள்ளக்குறிச்சியில் விசாரித்தால் ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் நகை கூடாது என்கிறார். இன்னொருவர் போட்டுக்கொண்டு வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். ஐயாயிரம் கொடுத்தால் கஸ்டம்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு ஆளும் வந்து போனார். என் பிறந்த வீடு கல்வராயன்மலையில் வெள்ளிமலைப் பக்கம். அங்கே இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளே இல்லை. எது உண்மை?
– ஒரு வாசகி, கச்சிராயபாளையம்

பதில்: அந்த ஐயாயிரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், சகோதரி. சட்டப்படி கட்ட வேண்டிய வரியை உங்கள் கணவரே நேராகக் கட்டிவிடலாம்.

முதலில் நகை. 2026 பிப்ரவரி 2 முதல் புதிய பயண உடைமை விதிகள் நடப்பில் இருக்கின்றன. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் தங்க நகையை வரியில்லாமல் கொண்டுவரலாம். நம் கணக்கில் இரண்டரைப் பவுன், ஐந்து பவுன். இப்போது எடை மட்டும்தான் கணக்கு, விலையைப் பார்ப்பதில்லை. நாணயமும் கட்டியும் இந்தச் சலுகையில் வராது, நகை மட்டுமே.

உங்கள் கணவரிடம் அரைப் பவுன் கூடுதலாக இருக்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆறு மாதமாவது வெளிநாட்டில் தங்கியிருந்த இந்தியர், ஒரு கிலோ வரை தங்கத்தைக் குறைந்த வரி கட்டிக் கொண்டுவரலாம். அந்த ஆறு மாதத்துக்குள் ஊருக்கு வந்துபோன நாட்கள் மொத்தம் முப்பதைத் தாண்டியிருக்கக் கூடாது. 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. பவுன் ஒரு லட்சம், வரி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அரைப் பவுனுக்கு ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். புறப்படும் முன் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு விஷயம். இந்த வரியை வெளிநாட்டுப் பணமாகத்தான் கட்ட வேண்டும். எனவே கையிலிருக்கும் தினாரை எல்லாம் குவைத்திலேயே மாற்றிவிடாமல் கொஞ்சம் வைத்திருக்கட்டும். சங்கிலியில் கல்லோ முத்தோ பதித்திருந்தால் இந்தக் குறைந்த வரி பொருந்தாது.

ஐம்பதாயிரம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பழைய விதி. அந்த எண்ணுக்குப் பின்னால் நம் தொழிலாளிகளின் நீண்ட வேதனை இருக்கிறது. 1991இல் ஆணுக்குப் பத்தாயிரம், பெண்ணுக்கு இருபதாயிரம் ரூபாய் மதிப்பு என்று உச்சவரம்பு வைத்தார்கள். தங்கம் ஏறிக்கொண்டே போனது, வரம்பு நகரவில்லை. 2013 பட்ஜெட்டில்தான் ப. சிதம்பரம் அதை ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று உயர்த்தினார். 2016 விதிகள் 20 கிராம், 40 கிராம் என்று எடையைச் சொல்லிவிட்டு, அதே ரூபாய் வரம்பையும் கூடவே கட்டிவைத்தன. அன்றைய விலையில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. 2025 டிசம்பரில் சென்னையில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டியபோது நிலைமை என்ன? சட்டப் புத்தகத்தில் பெண்ணுக்கு ஐந்து பவுன் என்று இருந்தது. கவுன்டரில் ஒரு பவுனோடு நின்றது. ஆணுக்கு அரைப் பவுன்தான். வருடக்கணக்கில் வெயிலில் நின்று சேர்த்து, மகளுக்கென்று இரண்டு பவுன் வாங்கி வந்தவரைக் கடத்தல்காரர் வரிசையில் நிறுத்தியது அந்த ரூபாய் வரம்புதான். விலையை எடுத்துவிட்டு எடையை மட்டும் வைத்தது, என் கருத்தில், பயணிகளுக்கான சுங்கச் சீர்திருத்தங்களில் மிக நேர்மையானது. இனி தங்கம் எவ்வளவு ஏறினாலும் இரண்டரைப் பவுன் இரண்டரைப் பவுனாகவே இருக்கும்.

போட்டுக்கொண்டு வந்தால் கேட்க மாட்டார்கள் என்ற பேச்சுக்கும் ஒரு மூலம் உண்டு. 2023 டிசம்பரில், புதிதாக மணமாகி வந்த இலங்கைப் பெண் ஒருவரின் 11 பவுன் தாலிச் சங்கிலியைச் சென்னை விமான நிலையத்தில் கழற்றி வாங்கிவிட்டார்கள். 2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருப்பித் தரச் சொன்னது. உடலில் அணிந்துவரும் நகை பயண மூட்டையில் சேராது என்றும், தாலியைக் கழற்றச் சொன்னது தவறு என்றும் கண்டித்தது. அந்தத் தீர்ப்பு மனிதத்தன்மையோடு எழுதப்பட்டது. ஆனால் மகளுக்காக வாங்கிய புதுச் சங்கிலியைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு உங்கள் கணவர், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. அந்தப் பெண் தன் நகைக்காக ஓராண்டுக்கு மேல் அலைந்தார் என்பதை மறக்காதீர்கள்.

டிவியை விட்டுவிடச் சொல்லுங்கள். உடுத்திய துணி, பயன்படுத்திய கைபேசி போன்றவை போக, 75,000 ரூபாய் வரை புதிய பொருட்களை வரியில்லாமல் கொண்டுவரலாம். முன்பு அது 50,000. ஆனால் தட்டைத்திரை டிவி 2013 ஆகஸ்ட் 26 முதல் இந்தச் சலுகைக்கு வெளியே இருக்கிறது. வரி 38.5 சதவீதம். விமானத்தில் உடையாமல் கொண்டுவரும் பாடும் சேர்ந்தால், கள்ளக்குறிச்சிக் கடையில் வாங்குவதே மேல். இரண்டாண்டுக்கு மேல் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புபவருக்கு வீட்டுச் சாமான்களுக்கெனத் தனிச் சலுகை உண்டு. நிறையச் சாமான் அனுப்புவதாக இருந்தால் அதைப் பற்றிக் குவைத்திலிருந்தே விசாரிக்கட்டும்.

இனி, சிவப்பு வழி. அந்தப் பக்கம் போனாலே குற்றவாளி என்று நம் ஊரில் ஒரு பயம் இருக்கிறது. சுங்கச் சட்டம் 1962இன் 77ஆம் பிரிவு, கொண்டுவருவதைப் பயணியே சொல்ல வேண்டும் என்கிறது. அப்படிச் சொல்வதற்கான இடம்தான் சிவப்பு வழி. 'அதிதி' என்ற சுங்கத்துறைச் செயலியில் புறப்படும் முன்பே அறிவிப்பைப் பதிந்துவிடலாம். கட்டிய வரிக்கு ரசீது கேட்க வேண்டும். எதையாவது நிறுத்திவைத்தால் அதற்கும் எழுத்தில் ரசீது தர வேண்டும். படித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். அதிகாரியின் உத்தரவு தவறென்று பட்டால், அது கைக்கு வந்த 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புறப்படும் நாளில் அறைத்தோழர் யாராவது ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, திருச்சியில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லக்கூடும். டிக்கெட் பணத்தைத் தருகிறேன் என்றும் ஆசை காட்டக்கூடும். விவரம் அறியாத ஆட்களைக் கடத்தல் பொருள் சுமக்கும் 'குருவி' ஆக்குவது இப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது என்ற பதிலால் தப்பிக்க முடியாது. கடத்தலுக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. சொந்த அண்ணன் தம்பி கொடுத்தாலும், பிரித்துப் பார்க்காத எதையும் அவர் பெட்டியில் வைக்கக் கூடாது.

விதி எளிதாகிவிட்டது. அதைத் தெரிந்துகொள்ளும் வழி இன்னும் எளிதாகவில்லை. உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. ஐந்து பவுன், இரண்டரைப் பவுன் என்று தமிழில் எழுதிய ஒரு பலகை திருச்சி முனையத்தில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். படிவங்கள் தமிழில் வேண்டும். 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், ஆட்சியர் அலுவலகத்திலும் வெள்ளிமலையிலும் மாதம் ஒரு நாளாவது வெளிநாடு செல்வோருக்கும் திரும்புவோருக்கும் விளக்கம் சொல்ல ஆள் அமர்த்த வேண்டும். அயலகத் தமிழர் நலத்துறை இதை முன்னெடுக்கலாம். குறைதீர் நாளில் இதைக் கேட்டு ஒரு மனு கொடுங்கள். வெளிநாட்டில் ஆள் இருக்கும் நாலு வீட்டாரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் சங்கிலி வாங்கிய கடை ரசீதையும், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கங்களின் நகலையும், குவைத் சிவில் அடையாள அட்டை நகலையும் பெட்டிக்குள் போடாமல் கையிலேயே வைத்திருக்கட்டும். இறங்கியதும் நேராகச் சிவப்பு வழிக்குப் போய், மூன்று பவுன் இருக்கிறது என்று அவரே முதலில் சொல்லட்டும்.