வாத்தியாரா, நிருபரா?

1904இல் பாரதி மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர். அதே ஆண்டு சென்னை வந்து சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியர். நமக்கு அப்படிச் சட்டென மாற முடியாது. பி.எட். படிக்கவே 2 ஆண்டு, அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) வேறு. தரமணி இதழியல் கல்லூரியில் டிப்ளமோ 1 ஆண்டுதான். கட்டணத்தை முதலில் விசாரியுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் காய்கறிக்காரர் நாலு பேரிடம் பேசி, அன்றிரவே 200 சொல்லில் செய்தி எழுதுங்கள். பேரும் விலையும் பிசகக்கூடாது. மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பின்னக் கணக்கை மூன்றாம் முறை சொல்லிக்கொடுங்கள். எதில் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்?

சாயங்காலம் வீட்டில் இருந்தே ஆகவேண்டியவர்களுக்கு நாளிதழ் வேலை சரிப்படாது. பக்கம் முடிய ராத்திரி 11 ஆகிவிடும். வாத்தியாருக்கும் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும், அது தனிக் கதை.