காருக்குள் வந்த தண்ணீர் எந்த வழியாக வந்தது?

மாணவர்களே, உங்கள் வீட்டில் பத்து வயதைத் தாண்டிய கார் இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு பெரிய முடிவு இருந்திருக்கும். சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழ் முறையில் ஒரு சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. அதற்குப் பிறகும் காரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். சாலை வரியும் கூடும், ஆண்டுதோறும் பரிசோதனையும் உண்டு. இவ்வளவு செலவழித்துக் காப்பாற்றிய காரில் ஒருநாள் காலை ஏறி உட்கார்ந்ததும் காலடியில் 'சளக்' என்று ஒரு சத்தம். கால்மிதியைத் தூக்கினால் அடியில் ஈரம். கூடவே பழைய துணி மூட்டையைப் பிரித்தது போன்ற வாடை.

இதைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. பல கார்களில் மின்கம்பிக் கற்றைகளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் தரைவிரிப்புக்கு அடியிலோ இருக்கைக்குக் கீழோதான் இருக்கின்றன. அங்கே தண்ணீர் தேங்கினால் செம்பு இணைப்புகள் பச்சை பூக்கும். பிறகு காரணமே இல்லாமல் எச்சரிக்கை விளக்குகள் எரியும். விரிப்புக்கு அடியில் இருக்கும் தரைத்தகடு கண்ணில் படாமல் துருப்பிடிக்கும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் ஈரம் இருந்தாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பெரும்பாலோர் செய்வது என்ன? ஈரமான இடத்துக்கு மேலே எந்த ரப்பர் தெரிகிறதோ அதன்மேல் சிலிக்கோன் பசையைப் பூசிவிடுவார்கள். அடுத்த மழையில் மறுபடியும் ஈரம். அப்படிப் பூசும்போது தண்ணீர் வெளியேறும் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

ஏன் இப்படி ஆகிறது? கார் என்பது தண்ணீர் புகாத டப்பா என்று நாம் நினைப்பதால்தான். உண்மையில் தண்ணீர் காருக்குள் பல இடங்களில் நுழைகிறது. நுழையவேண்டும் என்றுதான் பொறியாளர்கள் வடிவமைத்திருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளை நினைத்துப் பாருங்கள். நடுவில் கூரை இல்லாத ஒரு திறப்பு உண்டு. மழை நேராக வீட்டுக்குள் விழும். ஆனாலும் வீடு நனையாது, ஏனென்றால் விழுந்த நீர் வடிகாலில் இறங்கி ஓடிவிடும். அந்த வடிகாலை அடைத்துப் பாருங்கள், கூடம் குளமாகும். காரும் அப்படித்தான்.

கார்க் கதவின் கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி ஏறி இறங்கும் பிளவில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. அது பெரும்பாலான நீரை வழித்துவிடும். மீதி கதவுக்கு உள்ளேயே இறங்கும். கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக அது தரையில் சொட்டிவிடும். கதவுக்கும் உள்பக்க அலங்காரப் பலகைக்கும் நடுவே ஒட்டப்பட்டிருக்கும் ஒரு நெகிழித் தாள்தான் அந்த நீர் நம் காலடிக்கு வராமல் காக்கிறது. சன்ரூஃபும் அதே கதைதான். அதைச் சுற்றி ஒரு வாய்க்கால், மூலைகளில் மெல்லிய குழாய்கள். அந்தக் குழாய்கள் கண்ணாடியை ஒட்டிய தூண்களுக்குள் மறைந்து கீழே இறங்குகின்றன.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. கண்ணாடியில் வழியும் மழை முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும். எவ்வளவு நீர் என்று கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். மேலிருந்து பார்த்தால் ஒரு காரின் பரப்பு ஏறத்தாழ 8 சதுர மீட்டர். அரை மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்தால் அந்தக் கார் மீது 240 லிட்டர் விழுகிறது. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி மழை 2,100 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் என்பதால், வெட்டவெளியில் நிற்கும் கார் ஓர் ஆண்டில் ஏறக்குறைய 17,000 லிட்டரைத் தாங்குகிறது. இதில் பள்ளங்களிலும் வாய்க்கால்களிலும் சேரும் நீரை விரல் பருமன் துளைகள்தான் வெளியேற்றுகின்றன.

அந்தத் துளைகளுக்கு நம் ஊரில் ஒரு பரம எதிரி உண்டு. ஈஸ்ட் கோஸ்ட் விரைவுச்சாலை நெடுகிலும் குடை பிடித்து நிற்கும் மழைமரம்தான் அது. தமிழில் தூங்குமூஞ்சி மரம் என்போம், மாலையில் இலைகளை மூடிக்கொள்வதால். பார்க்க அழகு, நிழலும் தாராளம். ஆனால் அதன் சிற்றிலைகள் வடிதுளையில் நுழைவதற்கென்றே அளவெடுத்தவை போல் இருக்கும். உதிர்ந்து, மக்கி, தூசியோடு சேர்ந்து களிமண் போல் அடைத்துக்கொள்ளும். பள்ளத்தில் நீர்மட்டம் உயரும். காருக்குள் காற்றை இழுக்கும் வாயும் பல கார்களில் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. மட்டம் அந்த வாயைத் தொட்டதும் நீர் நேராக முன்னிருக்கைக் காலடிக்கு வந்துவிடும்.

இனித் துப்பறியும் வேலைக்கு வருவோம். ஒரு காரின் இடது முன்பக்கக் காலடி, அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடி, ஈரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காரணமாக இருக்கக்கூடியவை குறைந்தது நான்கு: வைப்பர் பள்ளம், சன்ரூஃப் குழாய், கதவின் நெகிழித் தாள், குளிரூட்டியின் வடிகுழாய். நான்கும் ஒரே இடத்தைத்தான் நனைக்கின்றன. அதனால் ஈரமான இடத்தை உற்றுப் பார்த்துப் பயனில்லை. எப்போது ஈரமாகிறது என்று கேட்க வேண்டும்.

முதலில் மிதியடியை எடுத்து, பெரியவர் ஒருவரின் உதவியோடு விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள நுரைப்பஞ்சை நன்றாகக் காயவையுங்கள். இதைச் செய்யாமல் எந்தச் சோதனையும் செல்லாது. பஞ்சு பல லிட்டர் நீரைப் பிடித்துவைத்திருக்கும். போன வாரத் தண்ணீர் இன்றைய சாட்சி போல நடிக்கும். காய்ந்த பிறகு தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, தினமும் இருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள். மழை பெய்ததா, கார் ஓடியதா, குளிரூட்டி எவ்வளவு நேரம் இயங்கியது, கார் எந்தப் பக்கம் சரிந்து நின்றது என்று நான்கு கட்டம் போதும்.

மழையே இல்லாத நாளில் தாள் நனைந்தால் சந்தேகம் குளிரூட்டியின் பக்கம் திரும்புகிறது. அது எங்கிருந்து தண்ணீர் கொண்டுவரும் என்று வியக்காதீர்கள். 30 டிகிரி செல்சியசில், 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. அதே காற்றை 10 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதனால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் வைத்திருக்க முடியும். மீதி 15 கிராம் நீராகிவிடும். மணிக்கு 100 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று கொண்டால் ஒன்றரை லிட்டர்! இந்த நீர் ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். தேக்கா நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் இப்போதுதான் வந்து நின்ற கார்களின் அடியைப் பாருங்கள், சிறு குட்டைகள் தெரியும். அது கோளாறு இல்லை, நல்ல அறிகுறி. ஒரு மணி நேரம் குளிரூட்டியோடு ஓடி வந்த காரின் அடி உலர்ந்து கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். இதைச் சோதிக்க, நின்ற காரில் இயந்திரத்தை ஓடவிடாதீர்கள். சிங்கப்பூரில் அது குற்றம். பயணம் முடிந்து வந்ததும் குனிந்து பார்த்தாலே போதும்.

தண்ணீரும் தன் பங்குக்கு வாக்குமூலம் கொடுக்கும். வெள்ளைத் துணியில் ஒற்றி எடுங்கள். தெளிவாக, வாடையின்றி இருந்தால் குளிரூட்டி நீராக இருக்கலாம். பழுப்பாக, இலைத்துகளோடு இருந்தால் மழை நீர். நிறமாக, வழுவழுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் இயந்திரத்தைக் குளிர்விக்கும் கூலன்ட், அது நஞ்சு. கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.

மழை நாளில் மட்டும் நனைகிறது என்றால் மூன்று காரணங்கள் மிச்சம். இங்கே புவியீர்ப்பு உங்கள் உதவியாளர். காரின் முன்பக்கம் தாழ்ந்திருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்தி, ஒரு மழைக்குப் பிறகு பாருங்கள். அடுத்த முறை பின்பக்கம் தாழ்வாக. இடம் மாற மாற ஈரமும் மாறினால், நீர் எந்த உயரத்திலிருந்து கிளம்புகிறது என்று ஊகிக்கலாம். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வளைவான சரிவில் இறங்கும்போது 'களக் களக்' என்று சத்தம் வருகிறதா? கதவுக்குள்ளோ அடிச்சட்டத்துக்குள்ளோ நீர் சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். பக்கத்தில் ஓட்டுபவர் கேட்காத இந்தச் சத்தம் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் காதுக்குத்தான் முதலில் எட்டும்.

பிறகு செயற்கை மழை. வீவக வட்டாரத்தில் நீளமான ரப்பர்க் குழாய்க்கு எங்கே போவது. ஒரு பூவாளி போதும். ஒருவர் உள்ளே கைவிளக்கோடு இருக்க, மற்றவர் வெளியே நீர் ஊற்ற வேண்டும். கீழிருந்து மேலாகப் போக வேண்டும் என்பதே முக்கியம். மேலே ஊற்றினால் நீர் எல்லா இடத்தையும் கடந்து இறங்கும், எது காரணம் என்று தெரியாது. முதலில் கதவின் கண்ணாடிப் பிளவு, ஐந்து நிமிடம். உள்ளே உலர்ந்திருந்தால் அடுத்தது வைப்பர் பள்ளம். கடைசியில் சன்ரூஃப் வாய்க்கால். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று ஆய்வுக்கூடத்தில் படிக்கிறீர்களே, அதேதான் இது. உள்பக்கம் சந்தேகப்படும் மூட்டுகளில் முகப்பவுடரைத் தூவிவையுங்கள். நீர் வந்த பாதை கோடாகத் தெரியும். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு தாள் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். சற்று இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் இறுகித் தட்டையாகிவிட்டது. வெயிலும் ஓசோனும் பல ஆண்டுகளில் செய்யும் வேலை அது.

இந்தச் சோதனைகளில் ஒரு குறும்புக்காரன் குழப்பம் விளைவிப்பான்: நுண்புழை ஏற்றம். நீர் எப்போதும் கீழ்நோக்கியே ஓடும் என்பது பாதி உண்மைதான். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் நீர் தானாகவே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் ஏறும். விரிப்பின் இழைகளுக்கும் பஞ்சின் துளைகளுக்கும் நடுவே இதே விசை வேலை செய்கிறது. முன்காலடியில் புகுந்த நீர் பின்னிருக்கை வரை ஊர்ந்து போய்விடும். மின்கம்பிக் கற்றையைப் பிடித்துக்கொண்டு வளைந்து வந்து, கம்பி தாழும் இடத்தில் சொட்டவும் செய்யும். வீட்டிலேயே இதைப் பார்க்கலாம்: நிறம் கலந்த நீருள்ள குவளையிலிருந்து பக்கத்துக் காலிக் குவளைக்கு ஒரு மெல்லிழைத்தாளைப் பாலமாகப் போடுங்கள். மாலைக்குள் நீர் மேடேறி மறுபக்கம் இறங்கியிருக்கும்.

கண்ணாடியில் படியும் ஆவியும் ஒரு துப்புதான், ஆனால் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். விரலால் தேய்த்துப் பாருங்கள். ஓடும் காரில் வெளிப்பக்கம் மங்கினால் கவலை வேண்டாம். நம் ஊர்க் காற்று சுமார் 24, 25 டிகிரியிலேயே நீரை உதிர்க்கத் தொடங்கிவிடும். அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். குளிரூட்டி கண்ணாடியை அதற்கும் கீழே குளிர்விக்கிறது, அவ்வளவே. ஆனால் இரவு முழுவதும் நின்ற காரில் காலையில் உள்பக்கம் மங்கியிருந்தால், பகல் வெயிலில் பஞ்சிலிருந்து கிளம்பிய நீராவி இரவில் குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருக்கிறது. உள்ளே எங்கோ தண்ணீர் ஒளிந்திருக்கிறது.

காரணம் தெரிந்த பிறகு சரிசெய்வது பெரும்பாலும் எளிது. பள்ளத்தில் உள்ள இலைகளைக் கையால் அள்ளலாம். சன்ரூஃப் குழாய்க்குள் மெல்லிய நைலான் இழையை மெதுவாக நுழைக்கலாம். அழுத்தக் காற்றைப் பீய்ச்சினால் உள்ளே மறைந்திருக்கும் இணைப்பு கழன்றுவிடும், பிறகு தூணையே பிரிக்க நேரும். குளிரூட்டிக் குழாயையும் நெகிழித் தாளையும் பட்டறைக்காரரிடம் விடுவதே நல்லது. ஆனால் அவரிடம் போகும்போது உங்கள் நான்கு கட்ட அட்டவணையைக் கொண்டுபோங்கள். 'எங்கோ ஒழுகுகிறது' என்று சொல்வதற்கும், 'மழையில்லாத மூன்று நாளும் நனைந்தது, அடியில் சொட்டவில்லை' என்று சொல்வதற்கும் கூலியில் வேறுபாடு தெரியும்.

காயவைப்பதிலும் அறிவியல் இருக்கிறது. விடியற்காலையில் நம் ஊர் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். அப்போது கதவைத் திறந்துவைப்பதில் பெரிய பயன் இல்லை. மழையில்லாத பிற்பகலில் அது 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும், அதுதான் நேரம். பயணத்தின்போது குளிரூட்டியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால் அதுவே நீரை உறிஞ்சி வெளியேற்றும். கடையில் விற்கும் சிலிக்கா பைகளை நம்பி உட்காராதீர்கள். சிலிக்கா தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைத்தான் பிடிக்கும். பஞ்சில் இரண்டு லிட்டர் நீர் இருந்தால் எத்தனை கிலோ சிலிக்கா வேண்டும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.