மொச்சையும் கொத்துக்கறியும்: உடல் தேறுவோருக்கு ஒரு சட்டி உணவு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நோயாளியின் குடும்பத்தார் மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பின் தயங்கி நின்று கேட்கும் வினா ஒன்று உண்டு: “உடம்பு தேற என்ன கொடுக்கலாம்?” விலை மிகுந்த சத்துமாவுகளே இதற்கு விடை எனப் பலர் எண்ணுகின்றனர். ஆயினும் மதுரை வட்டாரத்து அடுக்களைகளில் நெடுங்காலமாகப் பழகிய இரண்டு பொருள்களே நல்ல விடையாக அமையும். ஒன்று மொச்சை, மற்றொன்று கொத்துக்கறி. இவ்விரண்டையும் ஒரே சட்டியில் சேர்த்துச் சமைக்கும் முறையையும், அதில் கைக்கொள்ள வேண்டிய பாதுகாப்பையும் இப்பாடத்தில் காண்போம்.

பயற்றையும் இறைச்சியையும் ஒரே கலத்தில் இட்டு, மூடி, சிறுதீயில் நெடுநேரம் வேகவைக்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் உள்ளது. தென் பிரான்சின் ‘கசூலே’ வெள்ளைப் பயற்றாலும் இறைச்சியாலும் ஆனது; அது சமைக்கப்படும் மண்கலத்தின் பெயரே உணவுக்கும் ஆயிற்று. பிரேசில் நாட்டார் கறுப்புப் பயற்றோடு இறைச்சியைச் சேர்ப்பர். நம் பகுதியில் தை மாதத்தில் பச்சை மொச்சையும், மற்றைய மாதங்களில் காய்ந்த மொச்சையும் கிடைக்கின்றன. ஆட்டிறைச்சியாயினும் மாட்டிறைச்சியாயினும் அவரவர் வீட்டு வழக்கப்படி கொள்ளலாம். சமைக்கும் முறை ஒன்றே.

இவ்விரண்டும் ஏன் சேர வேண்டும்?

அறுவை சிகிச்சைக்குப் பின்னும், நீண்ட காய்ச்சலுக்குப் பின்னும் உடலின் தசை கரைந்திருக்கும். அதனை மீண்டும் கட்டியெழுப்பப் புரதம் தேவை. உடல்நலமுள்ள ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை. அதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம் தேவைப்படும். நோயிலிருந்து மீள்வோருக்கு இதனினும் மிகுதியாக மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும்.

இரண்டாவது தேவை இரும்புச்சத்து. இறைச்சியிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் ஈர்த்துக்கொள்ளும். பயற்றிலுள்ள இரும்பு அவ்வளவு எளிதில் உட்கொள்ளப்படுவதில்லை. ஆனால் இறைச்சியைப் பயற்றோடு சேர்த்து உண்ணும்போது பயற்றின் இரும்பும் கூடுதலாக ஈர்க்கப்படுகிறது. எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி அவ்வேலைக்கு மேலும் துணைபுரியும். தேநீரும் காப்பியும் இதற்கு நேர்மாறானவை. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமேனும் அவற்றைத் தவிர்த்தல் நன்று.

இங்கே ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டியுள்ளது. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். நோயாளிக்கு ஊட்டிவிட்டு, எஞ்சியதைக் கடைசியில் உண்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. நோயாளியைப் பேணுபவரே சோர்ந்து விழுந்தால் இருவரையும் யார் பேணுவது? ஆதலின் இச்சட்டியை நால்வருக்கெனச் சமைக்கும்போது, பேணுபவரின் பங்கையும் முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும்.

தேவையான பொருள்கள் (நால்வருக்கு)

காய்ந்த மொச்சை 150 கிராம்; கொழுப்பு நீக்கிய கொத்துக்கறி 250 கிராம்; சின்ன வெங்காயம் 150 கிராம்; நடுத்தரத் தக்காளி 2; இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி; மல்லித்தூள் 1 மேசைக்கரண்டி; மிளகு, சீரகம், சோம்பு ஆகியவற்றை வறுத்துப் பொடித்தது 2 தேக்கரண்டி; மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி; நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி; கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை சிறிதளவு; உப்பு 1 தேக்கரண்டிக்கு மிகாமல்; எலுமிச்சம்பழம் 1.

இவ்வளவில் ஒரு பங்கில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கும். காரத்திற்கு மிளகாயைக் குறைத்து மிளகைக் கொண்டால் வாய்ப்புண் உள்ளவர் தவிர மற்றையோர் பெரும்பாலும் தாங்குவர். வாய்ப்புண் உள்ளோருக்கு மிளகையும் தக்காளியையும் குறைத்துக்கொள்க, எலுமிச்சையைத் தவிர்க்க.

முதற்படி: மொச்சையைப் பதப்படுத்துதல்

மொச்சையைப் பொறுக்கிக் கழுவி, மூன்று மடங்கு நீரில் 8 முதல் 10 மணி நேரம் ஊறவைக்க. சித்திரை, வைகாசி வெயிலில் ஊறும் நீர் புளித்துவிடக்கூடும். ஆதலின் நீரை இடையில் மாற்றுக, அல்லது குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஊறவிடுக. ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் சமைத்தல் ஆகாது.

முற்றிய பயறுகளில் வயிற்றுக்கு ஒவ்வாத சில பொருள்கள் இயல்பாகவே உள்ளன. ஊறவைத்து, நீர் மாற்றி, நன்கு கொதிக்கவைத்தால் அவற்றின் தீங்கு நீங்கும். அரைவேக்காட்டில் அது நீங்காது. மொச்சைக்குப் பதிலாக ராஜ்மா பயன்படுத்துவோர் இதில் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். போதிய அளவு கொதிக்காத ராஜ்மா கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். அதனைப் பத்து நிமிடத்திற்குக் குறையாமல் தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்னரே சிறுதீக்கு மாற்ற வேண்டும்.

ஊறிய மொச்சையைப் புதுநீரில் குக்கரில் இட்டு, மூன்று நான்கு விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து மேலும் பத்து நிமிடம் வைக்க. இரு விரல்களுக்கிடையே நசுக்கினால் மாவுபோல் மசிய வேண்டும். தக்காளியையோ புளியையோ இப்போது சேர்க்கலாகாது; புளிப்பு பயற்றை மென்மையாக விடாது. பழைய பயறாயின் கூடுதல் நேரம் பிடிக்கும்.

பல் இல்லாதவர்க்கும் செரிமானம் குன்றியவர்க்கும் ஊறிய மொச்சையைப் பிதுக்கித் தோலை நீக்கிவிட்டு வேகவைப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த முறை. அம்முறை இங்கும் பொருந்தும்.

இரண்டாம் படி: கொத்துக்கறி

முழுத்துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்திலேயே இருக்கும். கொத்தும்போது அவை உள்ளும் புறமும் பரவிவிடுகின்றன. ஆகவே கொத்துக்கறியை உள்வரை நன்கு வேகவைத்தல் கட்டாயம். கடைக்காரரிடம் கொழுப்பை நீக்கித் தூய்மைசெய்த துண்டைக் காட்டச் சொல்லி, நம் கண்முன்னே கொத்தித் தருமாறு கேட்க. வாங்கிய அன்றே சமைக்க. வீட்டில் குழாயடியில் கொத்துக்கறியை அலசுவதால் கிருமி நீங்குவதில்லை. தெறிக்கும் நீரால் தொட்டியிலும் பாத்திரங்களிலும் பரவும். கிருமியை அழிப்பது கொதியே. கறி தொட்ட கைகளையும், கத்தியையும், பலகையையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே வெங்காயத்தையும் தழையையும் தொடுக.

அடிகனத்த சட்டியில் எண்ணெயைக் காயவைத்து, கறிவேப்பிலையும் வெங்காயமும் இட்டுப் பொன்னிறமாக வதக்குக. இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாடை நீங்கியதும் கொத்துக்கறியைச் சேர்த்து, கட்டிகளை உடைத்துக் கிளறுக. நிறம் மாறி, விட்ட நீர் வற்றியதும் மஞ்சள், மல்லி, பொடித்த மசாலா, தக்காளி, உப்பு ஆகியவற்றைச் சேர்க்க. இரண்டு குவளை வெந்நீர் ஊற்றி, மூடி, 20 முதல் 25 நிமிடம் விடாது கொதிக்கவிடுக. நிறம் மாறியதே வெந்ததற்குப் போதிய சான்றாகாது, இக்கொதியே பாதுகாப்பு.

மூன்றாம் படி: ஒன்றாக்குதல்

வெந்த மொச்சையில் மூன்றிலொரு பங்கை மசித்து, எஞ்சியதோடு சேர்த்துச் சட்டியில் இடுக. மசித்த பயறு குழம்பைக் கெட்டியாக்கும். தேங்காய் அரைத்துவிடத் தேவையில்லை. சட்டியின் அடியில் காய்ந்த தோசைக்கல்லை வைத்து, மூடி, சிறுதீயில் 15 நிமிடம் விட்டால் அடிபிடிக்காமல் சுவை ஒன்றாகும். அடுப்பை அணைத்துப் பரிமாறும்போது தழையைத் தூவி எலுமிச்சைச் சாற்றைப் பிழிக. கொதியில் பிழிந்தால் வைட்டமின் சி பெரிதும் அழிந்துவிடும்.

எடுத்துச் செல்லுதலும் சேமித்தலும்

நம் ஊரில் ‘கேசரோல்’ என்றால் சூடுகாக்கும் பாத்திரம் என்றே பொருள். அது சூட்டைக் காக்குமே அன்றி உணவைச் சூடாக்காது. வார்டில் இருப்பவருக்கு எடுத்துச் செல்வோர், பாத்திரத்தில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, கொதிக்கும் குழம்பை நிரப்பி உடனே மூடுக. 60 பாகை செல்சியசுக்குக் கீழே வெதுவெதுப்பாக நெடுநேரம் இருக்கும் கெட்டியான இறைச்சிக் குழம்பில், கொதிக்கும் தப்பிப் பிழைத்த கிருமி வித்துகள் முளைத்துப் பெருகும். வாசனையில் அது தெரியாது.

உண்டது போக எஞ்சியதை அகன்ற பாத்திரத்தில் பரப்பி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க. வெயில் கடுமையான மாதங்களில் ஒரு மணி நேரமே வரம்பு. நோயாளிக்கு உரியதை மறுநாளுக்குள் முடித்துவிடுக. ஒருமுறை மட்டும் கொதிக்கும்வரை சூடுசெய்க. நெடுநேர மின்வெட்டு நேர்ந்திருந்தால் அதனை உண்ணக் கொடாதீர். புற்றுநோய் மருந்தேற்றம் பெறுவோருக்கு அன்று சமைத்ததை அன்றே, சூடாகத் தருக.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

சிறுநீரக நோயாளிகள்: பயற்றிலும் இறைச்சியிலும் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவை மிகுதி. குருதிச் சுத்திகரிப்பு பெறுவோருக்கும் அளவு தனியே வரையறுக்கப்படும்.

யூரிக் அமில மூட்டுவலி உடையோர்: இறைச்சியின் அளவைக் கேட்டறிக.

குடல் அறுவை சிகிச்சை அண்மையில் முடிந்தோர்: நார்ச்சத்துள்ள உணவை எப்போது தொடங்கலாம் என அறிந்த பின்னரே தருக.

நீரிழிவு உடையோர்: மொச்சை நல்லதே, உடன் உண்ணும் சோற்றின் அளவே கருதத்தக்கது. மொச்சையிலும் மாவுச்சத்து உண்டாதலால் சோற்றைச் சிறிது குறைக்க.

இரும்புச்சத்து மாத்திரை பெறுவோர்: இவ்வுணவு மாத்திரைக்கு மாற்றன்று. உணவு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுதல் பலர் செய்யும் பிழை. மருத்துவர் சொல்லும்வரை தொடர்க.

கற்றதைச் சரிபார்க்க

1. ஊறிய நீரை ஏன் கொட்ட வேண்டும்? பயற்றிலுள்ள ஒவ்வாத பொருள்கள் அதில் கரைந்திருக்கும்.

2. கொத்துக்கறிக்கு ஏன் கூடுதல் எச்சரிக்கை? மேற்புறக் கிருமிகள் உள்ளேயும் பரவியிருக்கும்.

3. உண்டவுடன் தேநீர் ஏன் கூடாது? இரும்புச்சத்து ஈர்க்கப்படுவதைத் தடுக்கும்.

4. சட்டியை இறக்கியதும் முதலில் செய்ய வேண்டியது யாது? நோயாளியின் பங்கோடு, அவரைப் பேணுபவரின் பங்கையும் எடுத்து வைப்பது.

முதல் நாள் நோயாளி இரண்டு கவளம் மட்டுமே உண்டாலும் மனம் தளர வேண்டாம். சிறுகச் சிறுக, நாளுக்கு மூன்று நான்கு முறை கொடுத்துவாருங்கள். அவர் அருகிலேயே அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள். உடனுண்பவர் ஒருவர் இருக்கையில் பசி எழுவது இயல்பு. அதனால் உங்கள் உடலும் தேறும்.