நாலு வருஷத்தில் முதல் திரும்பிவிடுமா?

கேள்வி: துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்ற, பழைய டிரெய்லர் லாரி 10 லட்சத்துக்கு வருகிறது. செலவெல்லாம் போக ஆண்டுக்கு 2.5 லட்சம் நிற்கும். நாலு வருஷத்தில் முதல் கைக்கு வந்துவிடும் என்கிறார் கூட்டாளி. வாங்கலாமா?
- வாசகர், மூலக்கொத்தளம்

பதில்: கூட்டாளியின் கணக்கில் வட்டியைக் காணோம். நாலாம் வருஷம் வரும் 2.5 லட்சமும் இன்று கையிலிருக்கும் 2.5 லட்சமும் ஒன்றல்ல. வட்டி 12 சதவீதம் என்று வையுங்கள். ஐந்து ஆண்டு வருமானத்தின் இன்றைய மதிப்பு சுமார் 9.01 லட்சம்தான். அதாவது, 99 ஆயிரம் நஷ்டம். ஐந்தாம் ஆண்டு முடிவில் வண்டி 2 லட்சத்துக்கு விலைபோனால், அதன் இன்றைய மதிப்பு 1.13 லட்சம். அப்போதுதான் சுமார் 15 ஆயிரம் மிஞ்சும்.

அந்த 15 ஆயிரத்தை நம்பி இறங்குவது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஓட்டம் கிடைக்க ஓராண்டு தாமதமானாலே 94 ஆயிரம் நஷ்டமாகிவிடும். தாமதத்தின் விலை உங்கள் பக்கத்துக்குப் புதிதா என்ன? துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு 1,815 கோடி. வேலை நின்றுபோய், 2022-இல் மறுபடி அடிக்கல் நாட்டியபோது, மாறிய வடிவமைப்போடு, சுமார் 5,850 கோடி.

விலையை 9 லட்சத்துக்குக் குறைத்துப் பேசுங்கள். மாத ஓட்டத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். இரண்டும் கிடைத்தால் வாங்கலாம்; இல்லையென்றால் இந்த வண்டி வேண்டாம்.