‘ஒன்று’ என்ற எண்ணும் ஓராயிரம் பெயர்களும்

கேள்வி: சென்ற மாதம் குடும்பத்தோடு அமிர்தசரஸ் போய்வந்தோம். பொற்கோயிலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டபோது, மொழி புரியாவிட்டாலும் ‘ராம்’, ‘ஹரி’, ‘கோவிந்த்’ என்று அடிக்கடி காதில் விழுந்தது. அந்தப் பாடல்கள் உள்ள நூலில் ‘அல்லாஹ்’, ‘குதா’ என்ற பெயர்களும் உண்டு என்றார் வழிகாட்டி. வெளியே வந்தால் எல்லோரும் ‘வாஹேகுரு’ என்கிறார்கள். சீக்கியர்களின் கடவுளுக்கு உண்மையில் என்னதான் பெயர்? இந்து சமயத்தையும் இஸ்லாத்தையும் கலந்து உருவான சமயம் என்பதால்தான் இரு தரப்புப் பெயர்களும் அதில் வந்தனவா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு நல்ல காது, அம்மா. மொழி தெரியாத ஊரில் பாட்டைக் கேட்டே சமயவியலின் பெரிய கேள்வி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த இடத்தின் பெயரிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. நாம் பொற்கோயில் என்பதைச் சீக்கியர்கள் ‘ஹர்மந்திர் சாகிப்’ என்பார்கள். ஹரி, மந்திர் இரண்டும் வடமொழி வழி வந்தவை. சாகிப் அரபுச் சொல். தலைவர், உடையவர் என்று பொருள். பெயரில் ஹரி இருக்கிறார்; உள்ளே ஹரியின் திருவுருவம் இல்லை. பட்டுத் துணி விரித்த பீடத்தில் குரு கிரந்த சாகிப் என்ற நூல் மட்டும் வீற்றிருக்க, ஒருவர் அதற்குச் சாமரம் வீசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

முதலில் ‘கலவை’ என்ற கருத்தைப் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் பலரும் படித்ததுதான்: இரு சமயங்களுக்கும் இடையே சமாதானம் செய்ய குருநானக் (1469–1539) இரண்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டார் என்று. அப்படி எடுத்திருந்தால் பெயரோடு கோட்பாடும் கூட வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீக்கிய நெறியில் இறைவனைக் குறிக்கும் அடிப்படைச் சொற்களில் ஒன்று ‘அஜூனி’, அதாவது கருவில் பிறக்காதவர். அவதாரம் என்ற கருத்துக்கே அங்கே இடமில்லை. ஆனாலும் ‘ராம்’ என்ற பெயர் அந்த நூலில் மிகச் சாதாரணமாக வருகிறது. ஒன்பதாம் குரு தேக் பகதூர், உலக வாழ்வின் நிலையாமையைப் பாடும் இடத்தில் ராமனையும் ராவணனையும் சேர்த்தே காலத்தில் மறைந்தவர்களாகச் சொல்கிறார். அப்படியானால் மற்ற இடங்களில் வரும் ‘ராம்’ அயோத்தி அரசரின் மகனைக் குறிக்கவில்லை. எங்கும் நிறைந்திருக்கும் ஒருவரைக் குறிக்கிறது. ‘அல்லாஹ்’வும் அப்படித்தான். அந்தப் பெயரைச் சொல்லும் நூல், ஒரு திசையை நோக்கித்தான் தொழ வேண்டும் என்ற கடமையை விதிக்கவில்லை. சொற்கள் வந்தன, அவற்றோடு வரவேண்டிய கோட்பாடுகள் வரவில்லை. இதைக் கலவை என்று எப்படிச் சொல்வது?

சரி, பெயர்கள் ஏன் வந்தன? அதற்கு நூலின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். முதல் பக்கத்தில் முதலில் இருப்பது எழுத்தல்ல, ஓர் எண். குருமுகி எழுத்தில் ‘1’ என்று போட்டு, அதன் பக்கத்தில் ‘ஓ’ ஒலிக்குரிய எழுத்தை வாய் திறந்தாற்போல் எழுதி, மேலே ஒரு கோட்டை வளைத்து நீட்டுவார்கள். ‘இக் ஓங்கார்’ என்று படிப்பார்கள். ஒன்றேயான ஓங்காரப் பொருள் என்று விளக்கலாம். ‘ஓம்’ பழைய சொல்தான். அதற்கு முன்னால் ஓர் எண்ணைப் போட்டதுதான் குருநானக்கின் பெரிய முடிவு. சொல் என்றால் ஆளுக்கொரு பொருள் சொல்லலாம். ‘1’ என்ற எண்ணை இரண்டாகப் படிக்க யாராலும் முடியாது.

அதையடுத்து வருபவை ஒருவகையில் பெயர்கள், ஒருவகையில் இலக்கணம். ‘சத்நாம்’: என்றும் உள்ளது என்பதே அதன் பெயர். ‘கர்த்தா’: படைப்பவர். ‘நிர்பவ்’: அச்சமற்றவர். ‘நிர்வைர்’: பகையற்றவர். ‘அகால்’: காலத்துக்கு உட்படாதவர். இவற்றில் எதுவும் ஒரு நாட்டையோ குலத்தையோ கதையையோ சார்ந்ததில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் ஐந்தாம் குரு அர்ஜன் வருகிறார். 1604-இல் இந்த நூலை முதன்முதலாகத் தொகுத்தவர் அவரே. மாரு ராகத்தில் அவர் பாடிய ஒரு பாட்டில் மதுசூதன், தாமோதர், கோவர்த்தனதாரி, முரளி மனோகர் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறார். மது என்ற அசுரனை அழித்ததால் மதுசூதனன், இடுப்பில் கயிற்றால் கட்டப்பட்டதால் தாமோதரன், மலையைத் தூக்கியதால் கோவர்த்தனதாரி. இந்தக் கதைகள் உங்களுக்கும் எனக்கும் பாட்டி சொல்லித் தெரிந்தவை. ஒவ்வொன்றும் ஒரு செயலிலிருந்தோ ஒரு தோற்றத்திலிருந்தோ பிறந்த பெயர். இப்படி அடுக்கிவிட்டுக் கடைசியில், நாக்கு சொல்லும் இவையெல்லாம் ‘கிர்த்தம்’ பெயர்கள் என்கிறார். கிர்த்தம் என்றால் செய்யப்பட்டது, செயலால் அமைந்தது. இவற்றுக்கெல்லாம் முந்தைய பெயர் ‘சத்நாம்’, அதாவது இருப்பு ஒன்றுதான் என்று முடிக்கிறார்.

உங்கள் கேள்விக்கு விடை இதுதான், அம்மா. பெயர்கள் மனிதர் பக்கத்திலிருந்து எழுபவை. ஒன்று என்பது அவற்றுக்கு முந்தியது. ஆகவே எந்தப் பெயரையும் சொல்லி அழைக்கலாம், எந்தப் பெயரும் முழுதாகப் போதாது. பெயரை ஒதுக்கவும் வேண்டாம், பெயருக்காகச் சண்டையிடவும் வேண்டாம்.

இத்தனை பெயர்கள் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நூலில் பாடியிருப்பவர்கள் குருமார்கள் மட்டுமல்லர். அவர்களுக்கு முன்னால் வாழ்ந்த அடியார்கள் பலரின் பாடல்களையும் குரு அர்ஜன் சேர்த்தார். பண்டரிபுரத்து விட்டலரைப் பாடிய மராட்டியர் நாமதேவர் அதில் இருக்கிறார். அவரோடு ‘பீட்டல்’ என்ற பெயரும் பஞ்சாபுக்கு வந்துவிட்டது. இன்று பாகிஸ்தானில் இருக்கும் பாக்பட்டனில் அடங்கிய சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் இருக்கிறார். ராம், ரஹீம் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன நெசவாளர் கபீரும், தோல் தொழில் செய்த குலத்தில் வந்த ரவிதாசரும் இருக்கிறார்கள். அவரவர் வாயில் வந்த பெயர் அப்படியே இருக்கட்டும் என்று குரு விட்டார். யாருடைய பெயரையும் திருத்தி ஒரே பெயராக்கவில்லை.

‘வாஹேகுரு’வுக்கு வருவோம். இன்று சீக்கியர் நாவில் அதிகம் ஒலிக்கும் இந்தப் பெயர், குரு கிரந்த சாகிபில் மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது. அதுவும் குருமார்களைப் போற்றிப் பாடிய ‘பட்டர்’ எனப்பட்ட புலவர்களின் பகுதியில். ‘ஹரி’யோ ஆயிரக்கணக்கான தடவை வருகிறது! கச்சேரியில் ஒரு நல்ல சங்கதி விழுந்ததும் ரசிகர்கள் ‘வாஹ்!’ என்பார்களே, அந்த வியப்பொலிதான் முதல் பாதி. குரு என்றால் இருளை நீக்குபவர். மூன்றாம் குரு அமர்தாஸ் அந்த வியப்பொலியையே இறைவனைப் போற்றும் வாக்காக வைத்துப் பாடியிருக்கிறார். விளக்கிச் சொல்ல முடியாத ஒன்றின் முன்னால் நின்று வாயடைத்துப்போவதே இங்கே ஒரு பெயராகிவிட்டது.

மற்ற சமயங்களும் இதே சிக்கலைச் சந்தித்தன. ஒவ்வொன்றும் ஒரு வழி கண்டது. யூதர்கள் இறைவனின் நான்கெழுத்துப் பெயரை எழுதுவார்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வேதம் வாசிக்கும்போது அந்த இடத்தில் ‘அதோனாய்’ (என் ஆண்டவர்) என்பார்கள். பேச்சில் ‘ஹஷெம்’ (அந்தப் பெயர்) என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இஸ்லாத்தில் 99 அழகிய திருநாமங்கள். வேதமும் நபிமொழியும் தந்த பெயர்களையே கொள்வது மரபு. வைணவருக்கு விஷ்ணு சகஸ்ரநாமத்தின் ஆயிரம் பெயர்கள்; அங்கே தாமோதரன் என்றால் கயிற்றால் கட்டுண்ட அந்தக் குழந்தையேதான். ஆகவே ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று அவசரமாகச் சொல்லிவிட வேண்டாம். ஒரே சொல்லை வைணவர் சொல்லும்போது ஒரு நிகழ்ச்சி கண்முன் நிற்கிறது. சீக்கியர் சொல்லும்போது உருவமில்லாத ஒருவரின் ஒரு குணம் நினைவுக்கு வருகிறது. இந்த வேறுபாட்டை மதிப்பதுதான் இருவருக்கும் நாம் செய்யும் மரியாதை.

பத்தாம் குரு கோவிந்த் சிங்கின் பெயரால் வழங்கும் ‘ஜாப் சாகிப்’, பக்தியுள்ள சீக்கியர்கள் காலையில் ஓதும் நூல். 199 பாக்கள் கொண்டது. அதில் வடமொழிப் பெயர்களும், ரஹீம் (அருளாளர்), ரஸாக் (உணவளிப்பவர்) போன்ற அரபுப் பெயர்களும் நூற்றுக்கணக்கில் அணிவகுக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு வணக்கம் ‘பெயரில்லாதவரே’ என்று வருகிறது. நீங்கள் கேட்ட ‘உண்மையான பெயர்’ அங்கேதான் இருக்கிறது என்பேன். அடுத்த முறை அமிர்தசரஸ் போகும்போது, கோயில் குளக்கரையில் உங்களுக்குப் பழக்கமான பெயரையே சொல்லிக் கும்பிடுங்கள், அம்மா. உள்ளே இருக்கும் நூல் அதற்கு இடம் வைத்திருக்கிறது.