ஓய்வு நேர ஆங்கிலம்

கல்கத்தாவுக்குப் படிக்க வரும் நம் தமிழ் மாணவர்களுள் பெரும்பாலோர் விஞ்ஞானம் பயில வருபவர்கள். பாட நூல் ஆங்கிலம் அவர்களுக்குத் தடையன்று. சோதனைக் குறிப்பைப் பிழையின்றி எழுதுவர். கருத்தரங்கில் எழுந்து நின்று கேள்விக்கு விடை கூறுவர். ஆனால் மாலை வேளையில், விடுதி முற்றத்தில், வங்க நண்பர் ஒருவர், “ஓய்வு நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டால் நா எழுவதில்லை. “நத்திங்” என்ற ஒரு சொல் மட்டும் வெளிவருகிறது. அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. தொடங்கியிருக்க வேண்டிய ஒரு நட்பும் தொடங்காமலே போய்விடுகிறது.

இது அறிவுக் குறைவு அன்று. எலெக்ட்ரானைப் பற்றிப் பேசும் ஆங்கிலத்தைப் பள்ளியும் கல்லூரியும் நமக்குக் கற்பித்தன. கண்மாயில் நீந்தியதைப் பற்றிப் பேசும் ஆங்கிலத்தை யாரும் கற்பிக்கவில்லை. நான் பௌதிக மாணவன். இலக்கண ஆசிரியன் அல்லன். ஆயினும், ஓய்வு நேரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது நம்மவர் எங்கெங்கே இடறுகிறார்கள் என்பதைக் கவனித்து வந்திருக்கிறேன். அந்த இடறல்கள் பெரும்பாலும் தமிழ் வழக்கிலிருந்து பிறப்பவை. காரணம் தெரிந்துவிட்டால் திருத்தம் எளிது.

முதலில் ‘ஆடு’ என்னும் நம் வினையைப் பாருங்கள். பந்தாடினான், சீட்டாடினான், வேட்டையாடினான், ஊஞ்சலாடினான், நடனமாடினான், நீராடினான்: இத்தனைக்கும் நமக்கு ஒரே ‘ஆடு’ போதும். ஆங்கிலம் அவ்வளவு தாராளமானதன்று. பொழுதுபோக்குகளை அது பெரும்பாலும் மூன்று வினைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. அவை ‘ப்ளே’, ‘கோ’, ‘டூ’.

விதியும் எதிராளியும் உள்ள ஆட்டங்களுக்கு ‘ப்ளே’ வரும். ‘ப்ளே கிரிக்கெட்’, ‘ப்ளே செஸ்’, ‘ப்ளே கேரம்’, ‘ப்ளே கார்ட்ஸ்’ என்போம். ஆட்டத்தின் பெயருக்கு முன் ‘த’ வராது. இசைக் கருவிக்கும் ‘ப்ளே’ உரியதே. ஆனால் அங்கே ‘த’ சேர்த்துச் சொல்வது பொது வழக்கு. ஐன்ஸ்டைன் வயலின் வாசிப்பார்: ‘ஐன்ஸ்டைன் ப்ளேட் த வயலின்’. இந்நகரத்து விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ் எஸ்ராஜ் வாசிப்பார்: ‘போஸ் ப்ளேட் த எஸ்ராஜ்’.

இருக்கும் இடத்தைவிட்டுச் சென்று செய்யும் செயல்களுக்கு ‘கோ’ வரும். அதன்பின் வரும் சொல் ‘இங்’ என்று முடியும். ‘கோ ஸ்விம்மிங்’, ‘கோ சைக்கிளிங்’, ‘கோ ஃபிஷிங்’, ‘கோ ஷாப்பிங்’ என்பன காட்டுகள். வேட்டையாடினான் என்பதும் இவ்வகையே: ‘ஹீ வென்ட் ஹன்ட்டிங்’. நம்மவர் பலர் ‘கோ ஃபார் ஷாப்பிங்’ என்றும் ‘கோ டு ஸ்விம்மிங்’ என்றும் கூறுவர். ‘கடைக்குப் போனேன்’ என்பதில் உள்ள ‘கு’ உருபு அங்கே தலைகாட்டுகிறது. ‘இங்’ சொல்லுக்கு முன் இங்கே எந்த இடைச்சொல்லும் வேண்டா. ‘ஃபார்’ வர வேண்டுமாயின் பின்னால் ‘அ’ என்பதும் ஒரு பெயரும் வரும்: ‘கோ ஃபார் அ வாக்’, ‘கோ ஃபார் அ ஸ்விம்’.

எதிராளி இல்லாத உடற்பயிற்சிக்கும், தனியே அமர்ந்து முடிக்கும் வேலைக்கும் ‘டூ’ வரும்: ‘டூ யோகா’, ‘டூ ஜிம்னாஸ்டிக்ஸ்’, ‘டூ அ க்ராஸ்வேர்ட்’. கராத்தேயில் எதிராளி இருந்தும் ‘டூ கராத்தே’ என்பதே வழக்கு. மொழி, பௌதிக விதியைப் போல் விலக்கின்றி நடப்பதில்லை. நடனத்துக்கோ துணை வினையே தேவையில்லை. ‘ஷீ டான்ஸஸ்’ என்றாலே போதும்.

இரண்டாவது இடறல் காலத்தைப் பற்றியது. நம்மவருக்கே உரிய இடறல் இது. ‘ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தாடுவேன்’ என்கிறோம். ‘ஆடுவேன்’ வடிவத்தில் எதிர்காலம்; பொருளில் வழக்கம். ‘பசு பால் தரும்’ என்றால் நாளை தரப்போகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. இப்பழக்கத்தால் நம் தோழர் ‘ஐ வில் ப்ளே ஃபுட்பால் ஆன் சண்டேஸ்’ என்று சொல்லிவிடுகிறார். கேட்பவரோ, இவர் இனிமேல் ஆடப்போவதாகத் திட்டம் கூறுகிறார் என்று கொள்கிறார். வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்துக்கு எளிய நிகழ்காலமே போதும்: ‘ஐ ப்ளே ஃபுட்பால் ஆன் சண்டேஸ்’. ‘ஐ ஆம் ப்ளேயிங்’ என்பதோ, இந்தக் கணத்தில் ஆடிக்கொண்டிருப்பதையோ, சில நாட்களுக்கு மட்டும் நடப்பதையோ குறிக்கும்.

வங்காளிகளுக்கு இவ்விடத்தில் நம்மைவிட வசதி உண்டு. வழக்கமாக ஆடுவதை ‘ஆமி கேலி’ என்பர்; இப்போது ஆடிக்கொண்டிருப்பதை ‘ஆமி கேல்ச்சி’ என்பர். நம் செவிக்கு அது கேலியாகத் தோன்றினாலும், ஆங்கிலத்தின் இரு வடிவங்களை நினைவில் நிறுத்த நல்ல துணை. ‘கேலி’ வரும் இடத்தில் ‘ஐ ப்ளே’. ‘கேல்ச்சி’ வரும் இடத்தில் ‘ஐ ஆம் ப்ளேயிங்’.

கடந்த கால வழக்கத்துக்கும் நாம் அதே ‘வோம்’ ஈற்றைத்தான் ஆள்கிறோம். ‘சிறு வயதில் கண்மாயில் நீந்துவோம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ‘யூஸ்ட் டு’ என்பது பொருந்தும்: ‘வீ யூஸ்ட் டு ஸ்விம் இன் த பாண்ட்’. கண்மாயை ‘டேங்க்’ என்பது நம் நாட்டு ஆங்கிலம். வெளிநாட்டார் அதைக் கேட்டால், மாடிமேல் உள்ள தண்ணீர்த் தொட்டியில் நீந்தினீர்களா என்று வியப்பர். அவர்களிடம் ‘பாண்ட்’ என்றோ, பெரிதாயின் ‘லேக்’ என்றோ கூறுவது நலம். ‘யூஸ்ட் டு’ இறந்த காலத்துக்கு மட்டுமே உரியது. இன்றைய வழக்கத்துக்கு ‘யூஸ்வலி’ என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, விருப்பத்தைச் சொல்லும் முறை. ‘எஞ்ஜாய்’ என்ற வினை செயப்படுபொருளை வேண்டி நிற்கும். சுற்றுலா சென்று வந்த தோழர் ‘வீ எஞ்ஜாய்ட் வெல்’ என்பார். எதை அனுபவித்தார்கள் என்பது அதில் இல்லை. ‘வீ எஞ்ஜாய்ட் த ட்ரிப்’ என்க. அல்லது ‘வீ எஞ்ஜாய்ட் அவர்செல்வ்ஸ்’ என்க. இதன்பின் வினை வருமாயின் அது தொழிற்பெயராக, ‘இங்’ ஈற்றுடன் வரும்: ‘ஐ எஞ்ஜாய் ரீடிங்’. ‘எஞ்ஜாய் டு ரீட்’ என்பது பிழை. ‘ஃபாண்ட் ஆஃப்’, ‘இன்ட்ரஸ்டட் இன்’, ‘குட் அட்’ ஆகியவற்றின் பின்னும் ‘இங்’ ஈறே வரும்: ‘ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப் ட்ராயிங்’.

‘லைக்’ என்பதில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ‘டூ யூ லைக் ப்ளேயிங் கேரம்?’ என்றால், கேரம் உங்களுக்குப் பிடிக்குமா என்பது கேள்வி. ‘வுட் யூ லைக் டு ப்ளே கேரம்?’ என்றால், ஆட வருகிறீர்களா என்பது அழைப்பு. இந்த அழைப்புக்கு ‘எஸ், ஐ லைக்’ என்று விடை கூறிவிட்டு, இருந்த இடத்திலேயே இருப்பவர்கள் உண்டு. அழைத்தவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிப் போகிறார். இவரோ, நம்மை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று வருந்துகிறார். இருவர் மேலும் குற்றமில்லை. விடை ‘எஸ், ஐ வுட் லவ் டு’ என்று இருந்திருந்தால் ஆட்டம் தொடங்கியிருக்கும். வர இயலாவிட்டாலும் அதே தொடக்கம் உதவும்: ‘ஐ வுட் லவ் டு, பட் ஐ ஹாவ் அ டெஸ்ட் டுமாரோ’. மறுப்பு இருந்தும் மனம் புண்படாது. மறுநாளும் அழைப்பு வரும்.

நான்காவது, வெற்றியைச் சொல்லும் முறை. ‘கோப்பையை வென்றோம்’, ‘அவர்களை வென்றோம்’ என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை. ஆங்கிலத்தில் பரிசையோ ஆட்டத்தையோ ‘வின்’ செய்யலாம்; எதிராளியை ‘பீட்’ செய்ய வேண்டும். ‘வீ வான் தெம்’ என்பது பிழை. இந்நகரத்தின் மோகன் பகான் கழகம் 1911இல் கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட்டைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அதை இப்படிக் கூறுவோம்: ‘மோகன் பகான் பீட் த ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் அண்ட் வான் த ஷீல்ட்’. நம் சென்னை குகேஷ் 2024இல் சிங்கப்பூரில் பெற்ற வெற்றியையும் அவ்வாறே கூறலாம்: ‘குகேஷ் பீட் டிங் லிரென் அண்ட் வான் த டைட்டில்’. இவ்விரு வாக்கியங்களையும் மனப்பாடம் செய்துகொண்டால் வேற்றுமை மறக்காது.

இனிச் சில சொற்களின் பொருளைக் காண்போம். ‘பாஸ்டைம்’ என்பது நம் ‘பொழுதுபோக்கு’ என்பதன் நேர் உடன்பிறப்பு. கழித்தல், காலம் என்ற இரு சொற்கள் சேர்ந்தது. எழுதும்போது ஒரே ‘எஸ்’ போட வேண்டும். ‘ஹாபி’ என்பது சிறு குதிரையைக் குறித்த சொல். பின் குழந்தைகள் ஏறி ஆடும் பொய்க்குதிரைக்கு ஆயிற்று. அதன்பின், ஊதியம் கருதாமல் விருப்பத்தோடு தொடர்ந்து செய்யும் செயலுக்கு ஆயிற்று. எப்போதேனும் படம் பார்ப்பது ‘பாஸ்டைம்’. ஆண்டுக்கணக்கில் நாணயம் சேர்ப்பது ‘ஹாபி’. ‘லெஷர்’ என்பது அனுமதி என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘ரெக்ரியேஷன்’ என்பதன் வேர்ப்பொருள் மீண்டும் படைத்தல்; களைத்த மனத்தைப் புதுப்பித்தல் என்று கொள்ளலாம். எல்லாவற்றினும் வியப்பானது ‘ஸ்கூல்’ என்னும் சொல். அதன் மூலமான ‘ஸ்கோலே’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஓய்வு என்பது பொருள்!

ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேசவே நம்முள் பலர் கூசுகிறோம். பொழுதைப் போக்குவது பொழுதை வீணாக்குவதாகும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் ‘நத்திங்’ என்ற விடை அவ்வளவு விரைவாக வருகிறது. அத்தகையோர் ‘இன் ஹிஸ் ஸ்பேர் டைம்’ என்ற தொடரை ஒரு தமிழரைக் கொண்டு நினைவில் வைக்கலாம். 1907இல் சி. வி. ராமன் அரசாங்கத்தின் நிதித்துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்தார். அலுவலகத்துக்குச் செல்லுமுன்னும் அலுவலகம் முடிந்த பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். ‘ராமன் யூஸ்ட் டு டூ ரிசர்ச் இன் ஹிஸ் ஸ்பேர் டைம்’. சுமார் பத்தாண்டுகள் இவ்வாறு உழைத்தபின், 1917இல் வேலையைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டதும் அதே கழகத்தில்தான்.

நம் ஊர் ஆட்டங்களையும் கூச்சமின்றி எடுத்துச் சொல்லலாம். சடுகுடுவைக் ‘கபடி’ என்றால் அனைவரும் அறிவர். பல்லாங்குழிக்கு ஆங்கிலப் பெயர் தேடி அலைய வேண்டா. மூன்று சிறு வாக்கியங்கள் போதும்: ‘பல்லாங்குழி இஸ் அ போர்ட் கேம். டூ பீப்பிள் ப்ளே இட். த போர்ட் ஹாஸ் ஃபோர்ட்டீன் பிட்ஸ்’. கேட்பவர் ஆவலோடு மேலும் கேட்பார். பேச்சு அங்கே முளைத்துவிடும்.

பயிற்சி. கீழ்வரும் வாக்கியங்களை, விடைகளைப் பாராமல், ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. நான் சனிக்கிழமைகளில் சதுரங்கம் ஆடுவேன்.
2. என் தங்கை வீணை வாசிப்பாள்.
3. நாளை நாங்கள் நீந்தப் போகிறோம்.
4. அவர் காலையில் யோகாசனம் செய்வார்.
5. எங்கள் விடுதி அவர்கள் விடுதியைத் தோற்கடித்தது.
6. சிறு வயதில் நாங்கள் சடுகுடு ஆடுவோம்.
7. பழைய நாணயங்கள் சேர்ப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு.
8. எங்களோடு சற்று உலாவ வருகிறீர்களா?

விடைகள்:

1. ஐ ப்ளே செஸ் ஆன் சாட்டர்டேஸ்.
2. மை சிஸ்டர் ப்ளேஸ் த வீணா.
3. வீ ஆர் கோயிங் ஸ்விம்மிங் டுமாரோ.
4. ஹீ டஸ் யோகா இன் த மார்னிங்.
5. அவர் ஹாஸ்டல் பீட் தேர்ஸ்.
6. ஆஸ் சில்ட்ரன், வீ யூஸ்ட் டு ப்ளே கபடி.
7. ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் கலெக்டிங் ஓல்ட் காயின்ஸ்.
8. வுட் யூ லைக் டு கோ ஃபார் அ வாக் வித் அஸ்?

ஆறு விடைகள் சரியாயின் அன்று மாலையே வெளியே செல்லலாம். எட்டும் சரியாகட்டும் என்று அறையில் காத்திருக்க வேண்டா. வங்காளிகள் ‘அட்டா’ என்று அழைக்கும் அரட்டையில் இலக்கணத்துக்கு மதிப்பெண் போடுவார் யாருமில்லை. எட்டாவது வாக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறைத் தோழரிடம் இன்றே அதைக் கேளுங்கள். இந்நகரில் உலாவ ஏரிக்கரையும் உண்டு, மைதானமும் உண்டு.