லினக்ஸ் உட்கருவின் அமைப்பைச் செம்மை செய்தல்

கேரள மாநிலத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு மலைப்பகுதிகளிலும் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு லினக்ஸ் புதியதொன்றன்று. 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற பெயரில் தொடங்கி, 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்ற திட்டத்தின் வாயிலாகக் கட்டற்ற மென்பொருள் வகுப்பறைக்கு வந்தது. 2018-இல் தொடங்கப்பெற்ற 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்களில் ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கையளவான கணிப்பொறியும் வழக்கத்துக்கு வந்தது.

மேசை மீதுள்ள கருவி நின்றுபோனால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். மழையளவையும் மண்ணின் ஈரத்தையும் பதிவு செய்ய மலைச்சரிவில் வைக்கப்பட்ட கருவிக்கு அவ்வசதி இல்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவால் 70 பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால் செய்தி மறுநாள் காலையிலேதான் வெளியுலகை எட்டிற்று. மூணாற்றின் ஆந்தோணியார் காலனிச் சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் நிறுவிய கம்பியில்லா உணர்கருவி அமைப்பு, மண்ணினுள் நீரழுத்தத்தை அளந்து செயற்கைக்கோள் வழியே அமிர்தபுரிக்கு அனுப்புமாறு அமைக்கப்பட்டது. பள்ளிக் குழுக்கள் அத்துணைப் பெரிய முயற்சியில் இறங்க வேண்டுவதில்லை. எனினும், மின்சாரம் போய் வந்தவுடன் தானே விழித்தெழும் ஒரு சிறு கருவியை அமைப்பதற்கும் 'கெர்னல்' எனப்படும் உட்கருவைப் பற்றிய அறிவு தேவைப்படுகிறது.

உட்கருவின் மூலநிரலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தெரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் 'ஒய்' எனக் குறித்தால் அது உட்கருவோடு ஒன்றிவிடும். 'எம்' எனக் குறித்தால் தேவையானபோது ஏற்றப்படும் தனிப்பகுதியாகும். 'என்' எனக் குறித்தால் விலக்கப்படும். வேண்டாதவற்றை நீக்கினால் நினைவகம் பெரிதும் மிச்சமாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது, அது மிகைக்கூற்றே. ஏற்றப்படாத தனிப்பகுதி அட்டையில் இடம் பிடிக்குமேயன்றி நினைவகத்தைத் தொடாது. தொகுப்பதற்கு ஆகும் நேரம் குறைவதும், கருவியில் என்ன இருக்கிறது என்பது தெளிவாவதுமே உண்மையான பயன்கள்.

முதற்கண் நடப்பு அமைப்புக் கோப்பைப் படியெடுத்து வைக்க வேண்டும். பின்னர் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்னும் கட்டளையைப் பயன்படுத்தலாம். அது அந்நேரத்தில் ஏற்றப்பட்டுள்ள தனிப்பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் களைந்துவிடும். வெப்பமானியோ மோடமோ அச்சமயத்தில் இணைக்கப்படாதிருந்தால் அதன் இயக்கி நிரலும் போய்விடும். ஆதலால் எல்லா உணர்கருவிகளையும் பொருத்தி இயக்கிய பிறகே இதனைச் செய்தல் வேண்டும். 'ஒய்' எனக் குறிக்கப்பட்டவற்றை இக்கட்டளை தொடுவதில்லை. அவற்றை 'மெனுகான்ஃபிக்' பட்டியலில் கையாலேயே நீக்க வேண்டும். சில தெரிவுகள் நீக்க முயன்றாலும் நீங்கா. வேறொரு தெரிவு அவற்றைப் பற்றி நிற்பதே காரணம். சாய்கோட்டை அழுத்தித் தேடினால் அது எது என்பது புலப்படும்.

இரண்டு இடங்களில் கை வைக்கலாகாது. தொடக்கத் துணைத் தொகுப்பு இல்லாத கருவியில், நினைவட்டையின் இயக்கியும் அதிலுள்ள கோப்பு முறையும் 'ஒய்' ஆகவே இருத்தல் வேண்டும். அவற்றை 'எம்' என மாற்றினால், அவை அட்டைக்குள்ளே இருக்கும். அட்டையைத் திறக்கும் திறவுகோலும் அதனுள்ளேயே அகப்பட்டிருக்கும். மற்றொன்று 'வாட்ச்டாக்' எனப்படும் காவற்பொறி. கருவி உறைந்துபோனால் அதனை மீண்டும் தொடக்குவது இதுவே.

செம்மை செய்த அமைப்பை 'சேவ்டெஃப்கான்ஃபிக்' கட்டளையால் சேமிப்பது நலம். இயல்பான மதிப்பினின்று மாறுபட்டவை மட்டும் அதில் எழுதப்படுகின்றன. இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஏ.ஆர்.எம். வகைக் கருவிகளின் அமைப்புக் கோப்புகள் பெருகியதைக் கண்டு, லினக்ஸைத் தோற்றுவித்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 2010-இல் அவற்றை அடியோடு நீக்கப்போவதாகக் கூறினார். ஊவெ கிளைன்-கோனிக் என்பவர் ஒரு நிரல் எழுதி, ஏறத்தாழ 1,94,000 வரிகளைக் களைந்து அவற்றைக் காத்தார்.

ஒரு முறைக்கு ஒரு பிரிவை மட்டும் நீக்கி, தொகுத்து, இயக்கிப் பார்ப்பதே ஏற்ற முறை. பழைய உட்கருவை வேறு பெயரில் அட்டையிலேயே விட்டுவைக்கலாம். மலைக்கு எடுத்துச் செல்லுமுன், மின்னிணைப்பைப் பலமுறை திடீரெனத் துண்டித்து, கருவி ஒவ்வொரு முறையும் தானே எழுந்து பதிவைத் தொடர்கிறதா என்று சோதிக்க வேண்டும்.